‘கரண்ட்’ என்றால் எது? மலைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வீட்டு வழிகாட்டி

மதுரையிலிருந்து கோத்தகிரிக்கு நாங்கள் குடிவந்தது ஒரு டிசம்பர் மாதம். மூன்றாம் நாள் காலை குளியலறையிலிருந்து மனைவியின் குரல்: "தண்ணி சுடவே மாட்டேங்குது. கரண்ட் சரியா வரலை போல." வீட்டுக்காரர் கொடுத்திருந்த எண்ணில் வயர்மேனைக் கூப்பிட்டு நானும் அதையே சொன்னேன். "அண்ணே, கரண்ட் சரியா வரலைங்க."

"கரண்ட்டுன்னா எதைச் சொல்றீங்க சார்? வரவே இல்லையா, கம்மியா வருதா, அடிக்குதா, அடிக்கடி ட்ரிப் ஆகுதா?"

நான் விழித்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "ஒவ்வொண்ணுக்கும் வேற வேற சாமான் எடுத்துட்டு வரணுங்க. உங்க வீட்டுக்கு எண்பது படி ஏறணும். ரெண்டு தடவை ஏற முடியாது."

அன்று அவர் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்ததுதான் இந்தக் கட்டுரை. நான் மின்பணியாளர் இல்லை. போர்டைத் திறந்து உள்ளே கைவைக்க மாட்டேன், உங்களையும் வைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் சமவெளியிலிருந்து வருகிறவர்கள் இந்த ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், முதல் குளிர்காலத்தில் பாதிச் சங்கடமும் கொஞ்சம் பணமும் மிச்சமாகும்.

ஒரே சொல், பல வேலை

தமிழில் கரண்ட் அளவுக்கு உழைக்கும் ஆங்கிலச் சொல் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. கரண்ட் கம்பம், கரண்ட் கம்பி, கரண்ட் அடுப்பு, கரண்ட் ஆபீஸ், கரண்ட் பில். மின்சாரம் தொட்ட எல்லாவற்றுக்கும் அதுவே அடைமொழி. பேச்சில் சிக்கல் வராது. பழுது பார்க்கும்போதுதான் வரும்.

"கரண்ட் போச்சு" என்றால் மின் வழங்கல் நின்றுவிட்டது என்று பொருள். "கரண்ட் கம்மியா வருது" என்கிறபோது நாம் சொல்வது மின்னழுத்தத்தை, அதாவது வோல்டேஜை. "கரண்ட் அடிச்சிடுச்சு" என்றால் ஷாக். "கரண்ட் கட்டணும்" என்றால் பில் பணம். மிகவும் குழப்புவது "அது கரண்டை நிறைய இழுக்கும்" என்ற வாக்கியம். வயர்மேன் சொன்னால் அது ஆம்பியர்: வயர் தாங்குமா என்ற கவலை. வீட்டுக்காரம்மா சொன்னால் அது யூனிட்: பில் ஏறுமே என்ற கவலை. இரண்டும் ஒன்றல்ல. கெட்டில் மூன்று நிமிடம் ஓடினால் ஆம்பியர் அதிகம், யூனிட் சொற்பம். ஹாலில் இரவு முழுக்க எரியும் பல்புக்கு ஆம்பியர் அற்பம். விடியும்போது அதற்கும் ஒரு கணக்கு ஏறியிருக்கும்.

பள்ளிப் பாடத்தில் படித்த சரியான பொருள் ஒன்றே ஒன்றுதான்: மின்னோட்டம். கம்பிக்குள் ஒரு நொடியில் எவ்வளவு மின்னூட்டம் ஓடுகிறது என்பதன் அளவு. அதன் அலகு ஆம்பியர். 1775 முதல் 1836 வரை வாழ்ந்த பிரெஞ்சு அறிவியலாளரின் பெயர். கடைத்தெருவில் ‘ஆம்ப்’ என்று சுருங்கிவிட்டது.

(தமிழ்ச் சொல்லுக்கு மாறினால் குழப்பம் தீரும் என்றும் நம்ப வேண்டாம். பாடநூலில் ‘மின்தடை’ என்பது கம்பி மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு. நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் ‘நாளை மின்தடை’ என்றால் காலை முதல் மாலை வரை கரண்ட் இருக்காது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை விளக்க நான் பட்ட பாடு தனிக்கதை.)

மின்னோட்டம், மின்னழுத்தம் இரண்டையும் பிரித்துக் காட்ட இந்த நீலகிரி மலையிலேயே நல்ல சான்று இருக்கிறது. பைக்காரா ஆற்று நீரை கிளென்மார்கனில் தேக்கி, மலைச்சரிவில் குழாய் வழியாக ஏறத்தாழ 3,000 அடி கீழே சிங்காராவுக்கு இறக்கி, 1932 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். அந்தக் குழாயில் நொடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறதோ அது கரண்ட் மாதிரி. எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறதோ அது வோல்டேஜ் மாதிரி. இரண்டையும் பெருக்கினால் வருவது திறன், அதாவது வாட். காவிரி அணைகளில் தண்ணீர் அதிகம், உயரம் குறைவு. இங்கே தண்ணீர் கொஞ்சம், உயரம் மிக அதிகம். அதனால்தான் சின்ன மலையாறு அவ்வளவு பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது.

"இங்கேதானே கரண்ட் எடுக்கிறாங்க, இங்கேயே இல்லைங்கிறாங்களே" என்ற புலம்பலை மழைக்காலத்தில் எல்லா டீக்கடையிலும் கேட்பீர்கள். எடுத்த கரண்ட் நேராக நம் வீட்டுக்கு வருவதில்லை. அழுத்தத்தை மிக உயர்த்தி மாநிலத்தின் மின்தொகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். அங்கிருந்து திரும்ப இறங்கி, மரங்களுக்கு நடுவே ஓடும் கம்பி வழியாகத்தான் நம் தெரு டிரான்ஸ்பார்மருக்கு வருகிறது. அழுத்தத்தை ஏன் உயர்த்த வேண்டும்? அதே திறனை அதிக வோல்டேஜில் அனுப்பினால் கம்பியில் ஓடும் ஆம்பியர் குறையும். கம்பி சூடாகி வீணாவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது: ஆம்பியர் பாதியானால் இழப்பு கால்பங்கு ஆகும். இந்த ‘வர்க்கம்’ என்ற சொல்லை நினைவில் வையுங்கள். உங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகுவதற்கும் அதுவே காரணம்.

முதல் வேலை: முன்பணம் கொடுப்பதற்குமுன் போர்டைப் பாருங்கள்

வீடு பார்க்கப் போகிறவர்கள் ஜன்னலைத் திறந்து தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். மீட்டர் பெட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பீங்கான் பியூஸ் கட்டை மட்டும் இருக்கிறதா, எம்சிபி (சுமை மீறினால் தானே விழுந்து கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) போட்டிருக்கிறார்களா? எம்சிபி என்றால் அதன் முகத்தில் 6, 10, 16, 32 என்று எண் இருக்கும். அந்த வழியில் எத்தனை ஆம்பியர் வரை தொடர்ந்து போகலாம் என்பது அது. பியூஸ் கட்டை என்றால், உள்ளே என்ன கம்பி கட்டியிருக்கிறார்கள் என்று வயர்மேனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி எரிந்துபோகிறது என்று யாராவது தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தால், அங்கே இருப்பது பியூஸ் இல்லை, வெறும் கம்பி. அடுத்து எரியப்போவது சுவருக்குள் போகும் வயர்.

பிறகு வயர். பழைய பங்களாக்களையும் அவற்றின் அவுட்ஹவுஸ்களையும் பிரித்து வாடகைக்கு விடுவது இங்கே சகஜம். சுவரில் மரப்பட்டை அடித்து அதன்மேல் வயரைக் கிளிப் போட்டு ஓட்டியிருப்பார்கள். பார்க்க அழகாகக்கூட இருக்கும். அது நாலு பல்புக்கும் ஒரு ரேடியோவுக்கும் போட்ட வயர். கீசருக்குத் தனி வயர், தனி எம்சிபி இருக்கிறதா என்று கேளுங்கள். லைட்டுக்கு 1 அல்லது 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் போதும். பவர் பிளக்குக்கு 2.5, கீசருக்கு 2.5 அல்லது 4 என்பதுதான் நடைமுறை. "எல்லாம் ஒரே லைன்தாங்க" என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னால் வாடகையைப் பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

கூரையில் பேன் கொக்கியே இல்லை என்று திடுக்கிட வேண்டாம். ஊட்டியில் பல வீடுகளில் அப்படித்தான். "பேன் இல்லை, ஏசி இல்லை, பில் வராது" என்று சந்தோஷப்படவும் வேண்டாம்.

இரண்டாவது: 230-ஆல் வகுங்கள்

மொத்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

வீட்டுக்கு வரும் அழுத்தம் 230 வோல்ட். எந்தச் சாமானின் முதுகிலும் வாட் எண் அச்சிட்டிருக்கும். அதை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர். 2,000 வாட் ரூம் ஹீட்டரும் 8.7. இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் அதுவும் ஏறக்குறைய அவ்வளவே. உடனடியாகச் சூடாக்கும் 3,000 வாட் சின்ன கீசர் 13. 1,500 வாட் கெட்டில் 6.5. இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் என்றால் 4.3.

இப்போது சுவரைப் பாருங்கள். இரண்டு அளவு பிளக் பாயிண்ட் இருக்கும். சின்னது 6 ஆம்பியர், பெரிய ஓட்டை உள்ளது 16 ஆம்பியர். (பழைய போர்டுகளில் 5, 15 என்று இருக்கும்.) ஹீட்டரின் 8.7-ஐச் சின்னப் பாயிண்ட் தாங்காது. அதனால்தான் ஹீட்டருக்குத் தடித்த பிளக் கொடுக்கிறார்கள். அது சின்ன ஓட்டையில் நுழையக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பெரிய பிளக்கைச் சின்ன ஓட்டையில் சொருகுவதற்கென்றே ஒரு மாற்றுப் பிளக் எல்லாக் கடையிலும் விற்கிறது. முதல் குளிர்காலத்தில் நானும் ஒன்று வாங்கினேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றில் அதைச் சொருகி, அதில் ஹீட்டரைச் சொருகி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கினோம். இரண்டாம் இரவு, மீன் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். எழுந்து பார்த்தால் பாக்ஸின் ஒரு பக்கம் மெழுகாகச் சரிந்திருந்தது. எம்சிபி விழவே இல்லை.

ஏன் விழவில்லை என்பதுதான் பாடம். அந்த எம்சிபி 16 ஆம்பியர். ஹீட்டர் இழுத்தது 8.7. எம்சிபியைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அது காவல் காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. நீங்கள் கடையில் வாங்கிய மெல்லிய வயரை அதற்குத் தெரியாது. பாக்ஸுக்குள் பிளக் தளர்வாக உட்கார்ந்த இடத்தில் தொடுபரப்பு கொஞ்சம்தான். அந்தச் சிறு இடத்தில் ஆம்பியரின் வர்க்கம் தன் வேலையைக் காட்டிவிட்டது. எனவே ஹீட்டர், கீசர், கெட்டில், இண்டக்‌ஷன் நான்கும் நேராகச் சுவரில் உள்ள பவர் பிளக்கில்தான். பாக்ஸ் என்பது போன் சார்ஜருக்கும் லேப்டாப்புக்கும். ஓடி அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று: எம்சிபியில் 16 என்று எழுதியிருந்தால் 16.1-இல் டக்கென்று விழுந்துவிடும் என்று நினைக்கிறோம். விழாது. சிறிய மிகைச் சுமையை அது நெடுநேரம் பொறுத்துக்கொள்ளும். சுமை கூடக்கூடத்தான் சீக்கிரம் விழும். ஷார்ட் சர்க்யூட் என்றால் உடனே.

இனி காலை ஏழு மணியைக் கற்பனை செய்யுங்கள். குளியலறையில் கீசர் 8.7. அடுக்களையில் இண்டக்‌ஷன் 8.7. பாட்டி அறையில் ஹீட்டர் 8.7. யாரோ கெட்டிலையும் தட்டிவிடுகிறார்கள், 6.5. கூட்டினால் 32.6. மெயின் எம்சிபி 32. வரம்பைத் தொட்டாயிற்று. உடனே விழாது; ஆனால் இதன்மேல் இன்னும் ஏதாவது சாமான் சேர்ந்தால், எழுதி வைத்தாற்போல் பள்ளி வேன் வரும் நேரத்துக்கு எல்லாம் அணையும். இதற்கு நிவாரணம் பெரிய எம்சிபி மாற்றுவது அல்ல. அதை யாராவது யோசனையாகச் சொன்னால் கதவைச் சாத்துங்கள். முறை வைப்பதுதான் வழி. எங்கள் வீட்டில் கீசர் ஆறரைக்குள் முடிந்துவிடும், அதன்பின் அடுப்பு. கெட்டிலுக்கும் ஹீட்டருக்கும் ஒரே நேரத்தில் அனுமதி கிடையாது. அதையும் தாண்டித் தேவை என்றால், உங்கள் இணைப்புக்கு அனுமதித்த சுமை எத்தனை கிலோவாட் என்று பார்த்து, மின்வாரியத்தில் கூடுதல் சுமைக்கு முறையாக எழுதிக் கொடுக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும்.

அடுப்பு பற்றி ஒரு கிளைக்கதை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆகும். இண்டக்‌ஷனைக் கூட்டி வைத்துப் பயனில்லை, கொதிநிலை கூடாது. குக்கர்தான் சரி.

"கம்மியா வருது"

இதுதான் எங்கள் வீட்டு முதல் புகார். இது கரண்ட் குறைவு என்று நாம் சொன்னாலும், பார்க்க வேண்டியது வோல்டேஜ்.

கீசர், ஹீட்டர் போன்ற சூடாக்கும் சாமான்களுக்குத் திறன் அழுத்தத்தின் வர்க்கப்படி குறையும். 230 வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் 2,000 வாட் கீசர் சுமார் 1,225 வாட்டாகத்தான் வேலை செய்யும். அதாவது அறுபது சதவீதம். அதனால் கீசர் கெட்டுப்போகாது, சோம்பேறியாகும், அவ்வளவே. பிரிட்ஜும் மோட்டாரும் அப்படி அல்ல. அழுத்தம் குறைந்தால் மோட்டார் சுற்ற முடியாமல் திணறி அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும். ஸ்டெபிலைசர் அதற்குத்தான், கீசருக்கு ஸ்டெபிலைசர் வாங்கப் போனவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

அந்த டிசம்பர் காலை வயர்மேன் எண்பது படியும் ஏறி வந்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார். 226 வோல்ட். கீசரில் ஆம்பியர் பார்த்தார், சரியாக இருந்தது. குழாயைத் திறந்து கையை நீட்டிவிட்டு உடனே இழுத்துக்கொண்டார். "கரண்டெல்லாம் நல்லாத்தாங்க வருது. தண்ணிதான் குளிருது."

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. மதுரையில் 25 டிகிரித் தண்ணீரை 45-க்கு ஏற்ற, 15 லிட்டர் கீசருக்குப் பத்து நிமிடம் போதும். இங்கே மாடித் தொட்டியில் இரவெல்லாம் கிடந்த தண்ணீர் 10 டிகிரிக்கு இறங்கியிருக்கும். அதே 45-க்கு வர பதினெட்டு, பத்தொன்பது நிமிடம் ஆகும். அழுத்தம் 180-ஆக இருந்தால் அரை மணி. நாங்கள் மதுரைக் கடிகாரத்தில் குளிக்கப் போயிருந்தோம். வந்த கூலியை வாங்கிக்கொண்டு, ஒரு டீயும் குடித்துவிட்டுத்தான் அவர் போனார்.

ஆகவே கூப்பிடும் முன் இந்த மூன்றையும் கவனியுங்கள். பல்பும் மங்கலாக எரிகிறதா? இல்லை என்றால் பெரும்பாலும் வோல்டேஜ் குறைவு இல்லை. (எல்இடி பல்பு குறைந்த வோல்டேஜிலும் பளிச்சென்று எரியக்கூடும், ஒரு குண்டு பல்பு வைத்துப் பார்ப்பது நம்பகம்.) கீசர் போட்டவுடன் மட்டும் விளக்கு சிமிட்டுகிறதா? எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கலாம், இது அவசரம். பக்கத்து வீட்டிலும் அப்படியா? ஆம் என்றால் வயர்மேனுக்கு வேலை இல்லை, மின்வாரியத்துக்குத்தான்.

சில விளக்குகள் திடீரெனக் கண் கூசப் பளிச்சிட்டு, சில மங்கினால் யோசிக்க நேரமில்லை, மெயினை அணையுங்கள். கம்பத்தில் நியூட்ரல் கம்பி (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) அறுந்தால் 230 வரவேண்டிய வீட்டுக்கு 400 வரை வரலாம். டிவி, பிரிட்ஜ் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும். காற்று பலமாக அடிக்கும் நாளில் இது நடக்கும்.

"அடிக்குது"

மழைக்காலத்தில் மலைவீட்டுச் சுவர் ஓதம் ஏறிக் கிடக்கும். ஸ்விட்சைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கும். "லேசாத்தான் அடிக்குது" என்பார்கள். லேசு என்பதை எண்ணால் பார்ப்போம்.

உடம்பு வழியாக ஆயிரத்தில் ஒரு பங்கு ஆம்பியர், அதாவது 1 மில்லி ஆம்பியர் ஓடினால் சுரீரென்று தெரியும். பத்தைத் தாண்டினால் தசை இறுகிக் கையை விடமுடியாமல் போகலாம். ஐம்பது, நூறு என்றால் இதயத் துடிப்பே குலையலாம். ஒரு 9 வாட் எல்இடி பல்பு இழுப்பதே ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர். ஆகவே ஆளைக் கொல்ல ஹீட்டர் அளவு கரண்ட் வேண்டாம். கழிப்பறை பல்பு அளவு போதும். 16 ஆம்பியர் எம்சிபி இதற்கெல்லாம் அசையாது. அதனால்தான் ஆர்சிசிபி என்ற இன்னொரு கருவி வேண்டும். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும்; 30 மில்லி ஆம்பியர் எங்காவது ஒழுகினால் கண்ணிமைக்கும் முன் துண்டித்துவிடும். வாடகை வீட்டில் நம் காசைப் போட வேண்டுமா என்று தயங்குவீர்கள். இந்த ஒன்றுக்குத் தயங்க வேண்டாம், போகும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். அதன் முகத்தில் ‘டி’ என்ற எழுத்துடன் ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், விழ வேண்டும்.

அடுத்து எர்த், அதாவது ஒழுகும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் வயர். பழைய வீடுகளில் தனிக்குழி வெட்டாமல் இரும்புத் தண்ணீர்க் குழாயிலேயே எர்த் வயரைக் கட்டிவிட்டிருப்பார்கள். ஒரு காலத்தில் அது ஒருமாதிரி வேலை செய்தது. பின்னால் யாரோ துருப்பிடித்த குழாயை மாற்றிப் பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். எர்த் வயர் இன்னும் அங்கேயே அழகாகக் கட்டியபடி இருக்கும். மண்ணுக்கும் அதற்கும் உறவு அறுந்து பல வருடம் ஆகியிருக்கும். பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருக்கிறது என்பதால் எர்த் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வயர்மேனிடம் "எர்த் எடுக்குதான்னு பாருங்கண்ணே" என்று சொன்னால் போதும். குழி புதிதாக வெட்டுவதானால் பாறை தட்டாத, கோடையிலும் ஈரம் நிற்கும் இடமாகப் பார்ப்பார். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் மூலை பெரும்பாலும் பொருந்தும்.

இவை சரியாகும்வரை கீசரைச் சூடாக்கி, அணைத்துவிட்டுக் குளியுங்கள். குழாய்ப் பித்தளையில் சுள்ளென்று இருந்தால் கீசரைப் போடவே வேண்டாம்.

வெளியே ஒரு எச்சரிக்கை. தோட்டத்தில் சில்வர் ஓக் கிளை கழிக்கவும் மிளகு பறிக்கவும் அலுமினிய ஏணியைத் தோளில் நிமிர்த்தித் தூக்கிப் போவார்கள். கம்பி எங்கே போகிறது என்று அண்ணாந்து பார்த்துவிட்டே ஏணியை நிமிர்த்துங்கள். தெருக்கம்பியில் ரப்பர் உறை கிடையாது.

பில்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2,000 வாட் ஹீட்டர் இரவில் நாலு மணி நேரம் ஓடினால் எட்டு யூனிட். தமிழ்நாட்டில் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அறுபது நாளுக்கு 480 யூனிட், ஹீட்டர் ஒன்றுக்கே. முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ் அடுக்குகளுக்கும் விலை ஏறிவிடும் என்பது ஹீட்டர் வாங்கிய பிறகுதான் எல்லோருக்கும் தெரியவருகிறது. கம்பளியும் வெந்நீர்ப் பையும் இருக்கும்போது ஹீட்டரை விடிய விடிய ஓட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். சிவப்புப் புள்ளி இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தால் எதுவோ இழுக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. அவுட்ஹவுஸ் வீடுகளில் தோட்டத்து மோட்டார் உங்கள் மீட்டரில் ஓடுவதும் இப்படித்தான் வெளிச்சத்துக்கு வரும்.

போனபின் செய்ய வேண்டியது

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. காற்றில் கற்பூர மரமும் சீகை மரமும் கம்பிமேல் சாயும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது; அந்த மாதிரி வாரத்தில் கரண்ட் எப்போது வரும் என்று கேட்பதே பாவம், கம்பத்தைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்குகிற லைன்மேன்களைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். மெழுகுவர்த்தி, சார்ஜ் விளக்கு, காஸ் இருந்தால் நாளைக் கடத்தலாம். இன்வெர்ட்டரில் ஹீட்டரும் கீசரும் ஓடாது. குளிருக்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு வாயு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

கரண்ட் போனால் முதலில் தெருவைப் பாருங்கள். எல்லா வீட்டிலும் இல்லை என்றால் பொதுக் கோளாறு. ஒன்றுவிட்டு ஒரு வீட்டில் இருந்தால் ஒரு பேஸ் (தெருவுக்குக் கரண்ட் கொண்டுவரும் மூன்று கம்பிகளில் ஒன்று) போயிருக்கிறது. உங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்றால் எம்சிபியைப் பாருங்கள். விழுந்திருந்தால் எல்லாச் சாமானையும் பிடுங்கிவிட்டு ஒருமுறை தூக்குங்கள். மறுபடி விழுந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள். மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். "கரண்ட் இல்லை" என்று நிறுத்தாமல் இப்படிச் சொல்லுங்கள்: "காலை அஞ்சரைக்குப் போச்சுங்க. எங்க வரிசையில மூணு வீட்டுக்கு இல்லை, எதிர் வரிசைக்கு இருக்கு. முருகன் கோயில் வளைவுல கம்பி மேல கிளை கிடக்குது." அல்லது: "கரண்ட் இருக்கு, ஆனா வோல்டேஜ் இல்லைங்க. தெரு முழுக்க அப்படித்தான்." கம்பி அறுந்து தரையில் கிடந்தால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், அந்த ஈரத் தரையில் கால் வைக்காமல், தேயிலை பறிக்கப் போகிறவர்களையும் ஆடுமாடுகளையும் தடுத்து நிறுத்த ஒருவர் தள்ளி நிற்க வேண்டும்.

கரண்ட் வந்ததும் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. போகும்போது ஆனில் இருந்த கீசரை அப்படியே விட்டுவிடுவோம். தெருவில் இருபது வீட்டுக் கீசரும் ஒரே நொடியில் இழுக்க, வந்த கரண்ட் வந்த வேகத்தில் போகும். எனவே போனவுடன் கீசர், ஹீட்டர், பிரிட்ஜ் ஸ்விட்சுகளை அணைத்துவிட்டு, ஒரு பல்பை மட்டும் போட்டு வைத்துவிடுங்கள். பல்பு எரிந்து பத்து நிமிடம் நிலையாக நின்றால் பிரிட்ஜைப் போடலாம். கீசரைக் கடைசியாக.